வலது கை மட்டும்

அறிவரசன் பெரம்பலூர்–அரியலூர் பஸ்ஸில் பத்தொன்பது ஆண்டுகளாக டிரைவர். வயது நாற்பத்தேழு. ஒரு விபத்தும் கிடையாது. மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை, அரியலூரிலிருந்து திரும்பும் ட்ரிப்பில் வலது முன்கை எரிந்தது. வெள்ளிக்கிழமை கொப்புளம் கட்டியது. இடது கையில் ஒன்றுமில்லை.

அன்று முதல் கண்டக்டர் பிரேம்குமாரின் தண்ணீர் பாட்டிலை அவர் தொடவில்லை.

"என்னண்ணே, நம்ம தண்ணி கசக்குதா?"

"தாகமில்லப்பா."

"இந்த வெயில்ல தாகமில்லையாம். ஒட்டகமா பொறந்திருக்க வேண்டிய ஆளு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுவயதில், குஷ்டம் என்று ஒருவரை ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் வைத்ததைப் பார்த்தவர் அவர். இதுவும் அதுதான் என்றால் ஸ்டீயரிங் போய்விடும். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த நோயில் தோல் மரத்துப்போகும் என்று கேள்விப்பட்டிருந்தார். டீக்கடையில் சூடான கிளாஸைக் கொப்புளத்தின் மேல் வைத்தார். உயிர் போகிற வலி. நிம்மதியாக இருந்தது. அடுத்த ஸ்டாப்புக்குள் மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. காற்றுப் பட்டால் ஆறும் என்று கையைச் சன்னலோரம் வைத்தே ஓட்டினார். இன்னும் வெந்தது.

20ஆம் தேதி, துவைக்க எடுத்த அரைக்கைச் சட்டையில் கொப்புள நீர்க்கறையைப் பார்த்தாள் மனைவி மணிமொழி. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா, அவர் வலது மணிக்கட்டில் சிறுவாச்சூர் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிற்றை மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

"கயிறு மறைச்ச எடம் நல்லாருக்கு. சட்ட மறைச்ச எடமும் நல்லாருக்கு. புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"பிரஷர் மாத்திரை மாத்திக் குடுத்தாங்க. பிப்ரவரி பதினெட்டுலேருந்து."

"அதுதான். இந்த மாத்திரை சில பேருக்கு ஒத்துக்காது, வெயில் பட்டா இப்படிச் சுட்டுடும். வண்டியில சன்னலோரம் இருக்குறது உங்க வலது கைதானே."

"குஷ்டம் இல்லீங்களா? தொத்தாதுங்களா?"

"இல்ல. வெயில் எங்கயாச்சும் தொத்துமா? பிரஷர் மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, நான் வேற எழுதித் தரேன். கொப்புளத்தக் கிள்ளாதீங்க. அஞ்சு நாள் லீவு, அப்புறம் முழுக்கைச் சட்டை. இனிமே எந்த மாத்திரை வாங்கினாலும், வெயில்ல வண்டி ஓட்டுறேன்னு முதல்ல சொல்லிடுங்க."

27ஆம் தேதி டியூட்டிக்கு வந்தார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வெயில் சன்னல் விளிம்பில் ஏறியிருந்தது. சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தானைப் போட்டார்.

பிரேம்குமார் பாட்டிலை நீட்டினான். "இன்னைக்குமா கசக்குது?"

அறிவரசன் வாங்கித் தூக்கிக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் போனது.