மச்சானின் ஜீப்புக்கு வெளிநாட்டுச் சாமான்

மெல்பேர்னில் எங்கள் தெருவில் பெரிய ஜீப்புகள் ஏழு நிற்கின்றன. ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிடுவதற்கென்று ஏழிலும் கூரை வரை உயர்ந்த குழாய் பூட்டியிருக்கிறது. முன்னால், காளை மாடு மோதினாலும் வளையாத இரும்புச் சட்டம். சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்க ஒரு வின்ச். கூரையில் கூடாரம், பக்கவாட்டில் மண்வெட்டி. இத்தனையையும் சுமந்துகொண்டு அவை காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் அந்த மண்வெட்டியையும் ஷாம்பு போட்டுக் கழுவுவார். இந்த நாட்டில் சேறு எங்கே இருக்கிறது என்று நான் பதினொரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சேறு இருக்கிற இடம் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். இலங்கையின் கிழக்கே, என் ஊரான இறக்காமத்தில், குளத்துக்கு அப்பால் எங்கள் வயல் வட்டைக்குப் போகிற வாய்க்கால் கட்டு அது. ஒருபக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய மண் பாதை. அதில் தினமும் ஓடுகிற ஜீப் நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிற என் அக்காவின் கணவர் ஜுனைதீன் மச்சானுடையது. அதற்கு முன் பம்பர் கிடையாது; ஒரு போகத்தில் யானை பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு கதவைக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிக்கூடு ஒரு நாட்டில் பிறந்தது, எஞ்சின் இன்னொரு நாட்டில். முன் அச்சு எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்பது மச்சானுக்கே தெரியாது. ஆனாலும் உரம், விதைநெல், வேலையாட்கள் எல்லாவற்றையும் அது ஏற்றிக்கொண்டு போகும். மத்தியானம் ராத்தா வயலுக்குச் சோறு கொண்டுபோவதும் அதில்தான்.

நான் வேலை செய்வது எங்கள் தெரு ஜீப்புகளைப் போன்றவற்றுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில். முன்னால் கவுண்டர், பின்னால் பெட்டி கட்டுகிற இடம். இரண்டிலும் நான் நிற்பேன். வருகிறவர் பொருளைத் தொடுவதற்கு முன்பே கேட்கிற கேள்வி, இது உள்நாட்டில் செய்ததா என்பது. ஓம் என்றால் முகம் மலரும். கடல் தாண்டி வந்தது என்றால் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறு. கல்முனையில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் ஜப்பான் என்பார், பிறகு தாய்லாந்து, பிறகு சைனா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, குடும்பத்து இரகசியம் ஒன்றைச் சொல்கிறவர் மாதிரி, லோக்கலும் இருக்கிறது என்பார். ஜப்பான்காரன் ஓட்டித் தேய்த்துக் கழற்றி எறிந்ததை முகர்ந்து பார்த்து வாங்குவோமே தவிர, நம் ஆள் நேற்றுக் கடைந்த புதுச் சாமானை வாங்க மாட்டோம். வாங்கினாலும் வெளியில் சொல்ல மாட்டோம்.

எங்கள் கடையின் உள்நாட்டுத் தயாரிப்பு எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். இரும்பு கப்பலில் வருகிறது. அதை வெட்டி ஒட்டுகிறவர் வியட்நாம்காரர். நிறம் அடிக்கிறவர் பஞ்சாபி. பெட்டியில் போட்டு, இது இந்த நாட்டில் செய்தது என்ற ஸ்டிக்கரை ஒட்டுகிறவன் இறக்காமத்தான். ஒருநாள் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்து இதை யார் செய்வது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். அவர் பொறுமையாக, இல்லை, உண்மையில் யார் செய்வது என்றார். நாங்கள்தான் என்று மறுபடியும் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். மனேஜர் வந்து நான் சொன்ன அதே வசனத்தைச் சொன்னார். பெரியவர் திருப்தியாக வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் என் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டும் போனார்.

அன்று எனக்குக் கடுமையான கோபம். இந்த நாட்டில் நான் இறக்குமதிச் சரக்கு, என்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் அதுதான். ஊருக்குப் போனால் எனக்கு வேறு மதிப்பு இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஊரில் கிடைக்கிற மதிப்பும் இறக்குமதிச் சரக்குக்கான மதிப்புத்தான் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் காலத்தில்தான் ராத்தா தொலைபேசியில், வாய்க்கால் கட்டில் போகும்போது ஜீப்பின் ஸ்டியரிங் ஆடிப் பயந்துபோனதாகச் சொன்னாள். மச்சான் அக்கரைப்பற்றில் ஒரு லேத் பட்டறையில் ரொட் என்ட் செய்வித்துப் போட்டிருக்கிறாராம். ரொட் என்ட் என்பது ஸ்டியரிங்கையும் முன் சக்கரத்தையும் இணைக்கிற உள்ளங்கை அளவு இரும்பு மூட்டு. அது கழன்றால் சக்கரம் தன்பாட்டுக்குப் போகும். லேத்தில் கடைந்த லோக்கல் சாமானில் என் ராத்தா உட்கார்ந்து போகிறாள் என்று கேட்டதும் எனக்கு நித்திரை போய்விட்டது. ஜீப்பின் பெயரை மட்டும் வைத்து, எங்கள் கடையிலேயே மிகச் சிறந்த இரண்டு மூட்டுகளை எடுத்து அனுப்பினேன். சாமான் கிடைத்த அன்றே மச்சான் கதைத்தார். அருமையான சாமான், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்றார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

மறு வருடம் விடுமுறையில் போனபோது அந்த மூட்டுகள் ராத்தா வீட்டு ஷோகேஸில் இருந்தன. நான் முன்பு அனுப்பிய வாசனைத் திரவியப் போத்தல்களுக்கும் மச்சான் மக்காவுக்கு உம்றா போய்க் கொண்டுவந்த கிண்ணத்துக்கும் நடுவில், பெட்டி பிரிக்காமல், ஸ்டிக்கர் முன்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். வெளியில் ஜீப் அதே லோக்கல் மூட்டோடு நின்றது. வெளிநாட்டிலிருந்து வருவதைப் பாவிக்காமல் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவது எங்கள் ஊர் வழக்கம்தான். கட்டில் விரிப்பு, கோப்பை, சவர்க்காரம் வரைக்கும் நான் பார்த்திருக்கிறேன். ஸ்டியரிங் மூட்டை வைத்தது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். நான் சிரித்தேன், பிறகு வாயில் வந்தபடி பேசினேன். உயிரைக் காப்பாற்ற அனுப்பியதை விருந்தாளிக்குக் காட்டுகிறீர்களா, இந்த மனநிலை இருக்கும் வரைக்கும் நாடு உருப்படாது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு, பிறகு போடத்தான் வைத்திருந்தேன் என்றார். ராத்தா ஷோகேஸின் சாவியை எடுத்துத் தந்தாள்.

அடுத்த நாளே மச்சானையும் ஜீப்பையும் அக்கரைப்பற்றுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். லேத் பட்டறைக்காரரை எல்லோரும் பாஸ் என்பார்கள். மெலிந்த மனிதர், கைகளில் நிரந்தரமாக எண்ணெய்க் கறுப்பு. அவர் பெட்டியைப் பிரித்து மூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சாமான் என்று மட்டும் சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார். பிறகு பாஸ் பழைய மூட்டைக் கழற்றி, என்னுடையதை ஓட்டைக்குள் விட்டார். அது ஆடியது. என் சாமானின் தண்டு மெல்லியது, ஓட்டை பெரியது. நான் விடவில்லை. ஓட்டைதான் தேய்ந்து போயிருக்கிறது, சாமானில் பிழை இல்லை, இடைவெளிக்குத் தகடு சுற்றிப் போடுங்கள் என்றேன். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், நாற்பது வருடம் இரும்பு கடைந்தவருக்கு வகுப்பு எடுத்தேன். ஒஸ்ரேலியாவில் இதைப் போட்டுக்கொண்டு பாலைவனம் தாண்டுகிறார்கள் என்றும் சொன்னேன். என் தெருக்காரர்கள் தாண்டுவது வேகத்தடை மட்டும்தான் என்பதைச் சொல்லவில்லை.

பாஸ் மறுபடியும் மச்சானைப் பார்த்தார்.

“மச்சான் சொல்றாரு, போடுங்க பாஸ்” என்றார் ஜுனைதீன் மச்சான், என்னைக் காட்டி. அவருக்கு நானும் மச்சான்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் ராத்தா சோற்று வாளியோடு முன் ஆசனத்தில் ஏறினாள். ஓட்டியவர் மச்சான். நான் வயலில் வாடிக் குடிசைக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் கட்டின் வளைவில் ஜீப் வளையவில்லை. நேராகப் போய், மெல்ல ஆறுதலாக, பள்ளத்துப் பக்கம் சரிந்து விழுந்தது. நான் ஓடினேன். வரம்பில் விழுந்து எழுந்து ஓடினேன். மச்சானுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். ராத்தாவின் இடது கை அவளுக்கும் கதவுக்கும் இடையில் அகப்பட்டிருந்தது. கயிற்றை அறுத்து அவளை வெளியே எடுத்தோம். அவள் முகம் வெளுத்திருந்தது. முதலில் கேட்டது வேலையாட்களின் சோற்றைத்தான்.

ஆஸ்பத்திரியில் முழங்கையில் இரண்டு இடத்தில் முறிவு என்றார்கள். கை முன்போல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர். அவளுக்குப் பிளாஸ்டர் போட்டுக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்து நேரே பட்டறைக்குப் போனேன். யாரையாவது பிடித்து ஏச வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் அழுகை வந்தது. பாஸ் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

“தம்பி, உங்கட சாமான் வந்த அண்டைக்கே உங்கட மச்சான் எனக்கிட்டக் கொண்டு வந்தாரு. இந்த அச்சு வேற வாகனத்துட அச்சு, இது சரிவராது எண்டு நான் சொல்லிட்டன். அளவெடுத்து நான் முந்தியே செஞ்சி குடுத்ததுதான் சரி, அதையே ஓட்டுங்க எண்டன். அத என்ட மச்சானுக்கிட்டச் சொல்லிராதீங்க, ஆசையா அனுப்பின மனிசன், மனசு நொந்துரும் எண்டாரு.”

ராத்தா சொன்ன ஆட்டம் அந்த லோக்கல் சாமான் போடுவதற்கு முந்திய ஆட்டமாம். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஜீப் நேராகத்தான் ஓடியது. ஷோகேஸ் கஞ்சத்தனம் அல்ல. நான் வரும்போது என் கண்ணில் படட்டும், அனுப்பியது வீணாகவில்லை என்று நினைக்கட்டும் என்று எனக்காகச் செய்த மரியாதை. வெளிநாட்டிலிருந்து வந்தவன் முகத்துக்கு நேரே இது சரிவராது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். மச்சான் சொல்லவில்லை, பாஸ் சொல்லவில்லை, ராத்தா சாவியை எடுத்துத் தந்தாள். இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில், வெளிநாட்டிலிருந்து வந்த, சித்தப்பா முறையான சாச்சா ஒருவர் சொன்ன முட்டாள்தனம் எல்லாவற்றுக்கும் நானே தலையாட்டியிருக்கிறேன். அவர் போனபிறகு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது அந்த சாச்சா நான்தான்.

திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்கு முன், “ஒண்டுமில்ல தம்பி, கைதானே” என்றாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு, மழையில் கட்டு இடிந்திருந்தது என்று கதை ஏற்கனவே தயாராகியிருந்தது. அந்த மாதம் மழையே இல்லை. நான் மச்சானை வெளி விறாந்தைக்குக் கூட்டிப் போய், எனக்கு எல்லாம் தெரியும், பிழை என்னுடையது என்றேன். நாலு வார்த்தை ஏசுவார், அதோடு என் நெஞ்சுப் பாரம் கொஞ்சமாவது குறையும் என்று நம்பினேன்.

“ரோட்டுட பிழை மச்சான். நீங்க சாப்பிட்டீங்களா?” என்றார்.

அந்த நேரத்தில்தான் மச்சானின் தம்பி றிஸ்வான் வந்தான். பள்ளத்தில் கிடந்த ஜீப்பை டிரக்டர் கட்டி இழுத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறான். உடம்பெல்லாம் சேறு. இழுக்கிறபோது பின் விளக்கு ஒன்று உடைந்துவிட்டது என்றான். மச்சான் வெடித்தார். உனக்குக் கண் இல்லையா, ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் தெரியுமா, நீயெல்லாம் மனிதனா என்று விறாந்தை முழுக்கக் கேட்க, வாப்பா காலத்துக் குற்றங்களிலிருந்து ஆரம்பித்து ஏசினார். நேர்ஸ் ஒருவர் வந்து சத்தம் போடாதீர்கள் என்று சொல்கிற வரைக்கும் ஏசினார். றிஸ்வான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் முகத்தில் கவலை எதுவும் இல்லை; நாளைக்கு அவன் அதே வீட்டில் அதே சட்டியில் அள்ளிச் சாப்பிடுவான். எனக்கு அவன் மேல் பொறாமை வந்தது. ஒரு விளக்குக்கு இவ்வளவு ஏச்சு அவனுக்குக் கிடைக்கிறது, ராத்தாவின் கையை முறித்த எனக்கு ஒன்றும் இல்லை.

நான் போய் அவனுக்குப் பக்கத்தில், அவனைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மச்சான் ஏசுவதை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் சாரத்தின் நுனியால் தூசி தட்டி, எனக்கு உட்காரப் போட்டார்.