வலப்பக்கம் கறுத்த கத்தி

தங்கை இறந்து இரண்டு மாதமாகியும் மெஷின் அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடலை எடுத்தபோது வரவில்லை. வேலையிடத்தில் எதிர்ப்பக்கம் வேறொருத்தி வந்து நின்று கேரட் நறுக்கத் தொடங்கிய அன்றும் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று பாத்திரம் கழுவுகிறவள் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை.

ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்குவது அவள் வேலை. கையின் வேகத்துக்காக வைத்த பெயர்தான் மெஷின். பத்தொன்பது வருடம் அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று நறுக்கினார்கள். இருவர் கத்தியும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தங்கையின் மகள் வருவதாக இருந்தது. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது; ஐந்து மணிக்கு பஸ். "அம்மாவோட கத்தி மட்டும் வேணும் பெரியம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

காலையில் கத்தியை எடுத்துப் பார்த்தால் நெடுகத் துரு. ஈரத்தோடு பையில் சுருட்டிப் போட்டது இவள்தான். பிள்ளை கையில் இதையா கொடுப்பது என்று உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். கை தேய்த்தது, மனசு எங்கோ கிடந்தது. நிமிர்ந்தபோது கத்தி, கடையில் தொங்கும் புதுச் சரக்குபோல வெள்ளை வெளேரென்று மின்னியது.

அப்போதுதான் உறைத்தது. வெங்காயமும் எலுமிச்சையும் தக்காளியும் பட்டுப் பட்டு, பத்தொன்பது வருடத்தில் அந்த இரும்பில் கறுப்பும் நீலமுமாக ஒரு நிறம் ஏறியிருந்தது. அந்தப் பெண் கேட்டது அந்தக் கத்தியை. தாயின் கை உழைத்ததற்கு மிஞ்சியிருந்த அடையாளம் அது ஒன்றுதான். அதையும் பெரியம்மாக்காரி பத்து நிமிடத்தில் வழித்துப் போட்டுவிட்டாள்.

பாவி, அழக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. நாலு மணிக்குள் கறுப்பாக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

இரும்பைக் கறுக்க வைப்பது புளிப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வினிகரைச் சுடவைத்தாள். கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிடியை மட்டும் பிடித்துத் துடைத்தாள். விரல் பிசுக்கு பட்ட இடத்தில் நிறம் ஏறாது. மாதிரிக்குத் தன் கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நறுக்கிய துண்டுகள் ஒட்டி விழும் வெளிப்பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது; உள்பக்கம் வெறும் சாம்பல் நிறம். அதேபோல ஒரு பக்கத்தில் வினிகரில் நனைத்த துணியை முக்கால் மணி நேரம் போர்த்தி வைத்தாள். மறுபக்கத்துக்கு ஐந்தே நிமிடம். பிறகு கடுகு விழுதை அங்கங்கே விரல் நுனியால் ஒற்றினாள், திட்டுத்திட்டாக நீலம் பிடிக்கட்டும் என்று.

தெருமுனையில் சலூன் வைத்திருக்கும் புருஷன் சாப்பிட வந்தார்.

"என்ன இது, கத்திக்கு ஒத்தடமா?"

"கறுப்பாக்கறேன்."

"கடைக்கு அனுப்பியிருந்தா டை அடிச்சு, கிருதாவும் ஒதுக்கி விட்டிருப்பேனே!"

அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசமா செவுத்தோட குடும்பம் நடத்துறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டார். பிறகு கத்தியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியப்போகுது, விடு."

"தெரிஞ்சா எடுத்துக்க மாட்டா. வேண்டாம்னு வச்சுட்டுப் போயிடுவா."

நாலு மணிக்கு மகள் வந்தாள். தோள்பையை இறக்கிவிட்டு முதலில் கத்தியைத்தான் கேட்டாள். வாங்கிக் கையில் பிடித்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"பெரியம்மா, இது யார் கத்தி?"

"உங்கம்மாவுதுதான். பிடியைப் பாரு."

"பிடி அம்மாதுதான். ஆனா கறுப்பு பக்கம் மாறியிருக்கே. அம்மாவுக்கு இடதுகைப் பழக்கமாச்சே?"

மெஷின் அக்கா தன் கத்தியை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இவள் வலக்கைக்காரி. இவள் கத்தி வலப்பக்கம்தான் கறுக்கும். இடக்கைக்காரியின் கத்தி இடப்பக்கம் கறுத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் கண்ணெதிரே ஆடிய கை! கூடப் பிறந்தவளின் கையை மறப்பாளா ஒருத்தி?

"மறந்துட்டேன்டி. துருவைத் தேய்க்கப்போய் எல்லாத்தையும் தேய்ச்சுட்டேன். காலையிலேர்ந்து பொய்யா கறுப்பு ஏத்திக்கிட்டிருக்கேன்."

"யாரு உங்களைத் தேய்க்கச் சொன்னது? துருவோட குடுத்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" மகளின் குரல் உடைந்தது. "அதெப்படி மறக்கும்? பக்கத்துல நின்னா ரெண்டு பேருக்கும் முழங்கை இடிக்குதுன்னுதானே உங்களை எதிரெதிரா நிக்க வச்சாங்க? அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களே!"

"தெரியலடி. உள்ள எல்லாம் மரத்துக் கிடக்கு. அவ முகம் தெரியுது. கை தெரிய மாட்டேங்குது."

மகள் அவளையே பார்த்தாள். மெஷின் அக்கா மறுபடியும் உப்புத்தாளை எடுத்தாள். "குடு. மாத்திடறேன். அரை மணி நேரம் போதும்."

"வேண்டாம், வைங்க." மகள் தாளைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். "இனிமே யாரும் இதைத் தேய்க்க வேண்டாம். நான் எடுத்துட்டுப் போறேன்."

"இப்படியேவா?"

"இப்படியேதான். நான் மட்டும் என்ன வலதுகையா? நறுக்க நறுக்க இந்தப் பக்கமும் தன்னால கறுக்கும்."

"அந்தப் பக்கம்?"

"அது இருந்துட்டுப் போகட்டும். எங்க பெரியம்மா கூத்து."

சலூன்காரர் செய்தித்தாளில் கத்தியைச் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். மகள் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பெரியம்மாவின் கன்னத்தை ஒரு தரம் தொட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

மெஷின் அக்கா வாசலில் நின்றாள். கண் அப்போதும் காய்ந்துதான் இருந்தது. தெருவில் போகிறவள் பையை எந்தத் தோளில் மாட்டியிருக்கிறாள் என்று மட்டும் உற்றுப் பார்த்தாள். இடது தோள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இடது.