உருளைக்கிழங்கு மரம்

நேற்று காய்கறிப் பையைக் கொட்டியதும், உருளைக்கிழங்கோடு ஒட்டிவந்த மண்ணின் வாசம் குப்பென்று ஏறியது. பக்கத்து வீட்டுப் பொடியனிடம், "பாருடா, மரத்துலேர்ந்து இப்பத்தான் பறிச்சது" என்று அளந்துவிட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓகே பாட்டி" என்றான். எனக்குச் சீ என்றாகிவிட்டது. இந்த ஒரு பொய்யை வைத்துப் பள்ளிக்கூடமே நடத்தியவள் நான்!

கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில், அறுபதுகளின் தொடக்கத்தில். பழனி வெயிலில் வளர்ந்த நான், முதல் வேலைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி போய் இறங்கினேன். ஒன்றாம் வகுப்பில் செல்லாயி என்றொரு குட்டி. பூண்டுக்காட்டில் வாய் ஓயாது. வகுப்பில் மூச்! மிட்டாய் கொடுத்தேன்; தின்றாள், பேசவில்லை. அழுத்தக்காரி.

அவள் அப்பா குருசாமி வந்து சொல்லிவிட்டார்: "வாயே தொறக்காத புள்ளைக்குப் படிப்பு எதுக்குங்க டீச்சரம்மா? நாளையோட நிறுத்திப்புடுறேன். வீட்ல தம்பியப் பாத்துக்கிடட்டும்."

மறுநாள் மகளைக் கூட்டிப்போக அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றபோது என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. பலகையில் பெரிய மரம் போட்டு, கிளைக்குக் கிளை கிழங்கைத் தொங்கவிட்டேன். "இதான் உருளைக்கிழங்கு மரம். ஏணி வச்சுப் பறிக்கணும்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. செல்லாயி சிரிக்கவில்லை. விருட்டென்று எழுந்தாள்.

"ஏ டீச்சர்! கெழங்கு மண்ணுக்குள்ளதான கெடக்கு! யாரு சொன்னா ஒங்களுக்கு?"

ஓடிவந்து பாவாடையாலேயே மரத்தைத் துடைத்தாள். "மண்ணுன்னு எழுதுங்க!"

"நீயே எழுதேன்" என்று சாக்பீஸை நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எழுதிய முதல் சொல், மண்.

குருசாமி மகளை விட்டுவிட்டுப் போனார். ஆனால் ஊரெல்லாம் என் மானத்தை வாங்கிவிட்டார்: "கீழ இருந்து வந்த டீச்சரு, பாவம், ஒரு எழவும் தெரியல. எம்மக போகலேன்னா அந்தம்மா பாடு திண்டாட்டந்தான்." தினமும் வெள்ளனே அவளை அனுப்பிவைத்தார், எனக்குச் சொல்லித்தர!

அப்புறமென்ன, தினம் ஒரு பொய். பூண்டு கொடியில் காய்த்தது. காட்டெருமை முட்டை போட்டது. செல்லாயி என்னைத் திட்டித் திட்டியே எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டாள்.

எனக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்தவள் பெட்டியை விடவே இல்லை. "டீச்சர், போற ஊர்ல நீங்க தப்பாச் சொன்னா யாரு திருத்துவா?"

அன்று சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பொய் இன்னும் கைவசம் இருக்கிறது, செல்லாயி. எழுந்து சண்டைக்கு வரத்தான் ஆளில்லை.