வாடைக் காலத்துக் குளிசை

எங்கள் வலைக் கொட்டிலின் நடுக்கம்பில் ஒரு சிவப்புத் துவாய் தொங்கும். அதில் யாரும் முகம் துடைப்பதில்லை. அது மண்டாடியாரின் துவாய். நிலாவெளிக் கடற்கரையில் எங்கள் கரைவலைக்கு அவர்தான் மண்டாடி. கடலின் நிறத்தைப் பார்த்து மீன் நிற்கிற இடம் சொல்லுவார். வலை ஏற்றிய தோணி வெளியே போனதும் கரையில் நின்று துவாயை வீசுவார். வலக்கையால் வீசினால் வெளியே வளைக்க வேண்டும். இடக்கையால் வீசினால் உள்ளே திருப்ப வேண்டும். அலைச் சத்தத்தில் குரல் போய்ச் சேராது, துவாய் போய்ச் சேரும். நாங்கள் கரையில் வலைக் கயிற்றைப் பிடித்தபடி அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை, எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பற்றி எழுதத்தான் வேண்டும்.

அவருக்குப் பிறசர் என்கிற இரத்த அழுத்தம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். கிளினிக்கில் குளிசை கொடுப்பார்கள். வலை இழுக்கிற காலத்தில் தவறாமல் போடுவார். வெயிலில் நிற்கிற உடம்பு, கத்துகிற உடம்பு, அதற்கு மருந்து வேண்டும் என்பது அவர் எண்ணம். வாடைக் காற்று தொடங்கிக் கடல் பொங்கினால் தோணியைக் கரையில் ஏற்றி ஓலை போட்டு மூடுவோம். அதோடு அவருடைய குளிசைப் போத்தலும் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். கேட்டால், "ஓடாத இஞ்சினுக்கு ஏன்டா எண்ணெய்?" என்பார். எங்களுக்கும் அது சரியான கதை மாதிரித்தான் இருந்தது. கடற்கரையில் பலரும் அப்படித்தான். வாடை வந்தால் வலைக்கும் ஓய்வு, மருந்துக்கும் ஓய்வு.

ஒரு வாடையில், மழை விட்டிருந்த காலை நேரம், அடுப்பு எரிந்த குசினி வாசலில் நின்றவரின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அவர் மனைவி கத்திய சத்தத்துக்கு அடுத்த வளவிலிருந்து நான் ஓடினேன். ஓட்டோவில் ஏற்றித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவர் இடக்கையால் வலக்கையை இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. வலக்கை மட்டும் தோளுக்கு மேலே எழும்பவில்லை.

வார்ட்டில் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி ஒருவர், குளிசை எப்படிப் போட்டு வந்தார் என்று விசாரித்தார். மண்டாடியார் தன் இஞ்சின் கதையைக் குழறிக் குழறிச் சொன்னார். மிஸி சிரிக்கவில்லை.

"ஐயா, வாடைக்கு உங்கட நெஞ்சும் லீவு எடுக்கிறதோ?"

மிஸி தண்ணீரையும் குளிசையையும் நீட்டினார்.

"அது ஓடுற வரைக்கும் குளிசை போடவேணும். தலையிடி இல்லை, சுகமா இருக்கிறன் எண்டு விடக்கூடாது. இன்னொருக்கா வந்தால் கையோட நிக்காது."

"கை திரும்பி வருமோ பிள்ளை?"

"பயிற்சி செய்தால் வரலாம்."

அந்தப் பங்குனியில் வலை இறக்கினோம். மண்டாடியார் இடக்கையால் துவாயை எடுத்தார். வெளியே வளை என்று காட்டத்தான் வீசினார். தோணியில் நின்றவர்களின் கண் பழகிய கண். இடக்கை என்றால் உள்ளே. தோணி திரும்பிவிட்டது. பாரை மீன் கூட்டம் வலைக்கு வெளியே கலைந்து போனதைக் கரையில் நின்று பார்த்தோம். அவர் துவாயை மடித்து என் தோளில் போட்டுவிட்டு மணலில் இருந்தார். அதன் பிறகு வேறொருவர் வீசினார். மண்டாடியார் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தார். வீட்டில் குசினிச் சுவரில் மனைவி கரியால் கோடு கீறிவிடுவார். வலக்கை விரல்கள் நண்டு மாதிரிச் சுவரில் ஊர்ந்து அந்தக் கோட்டுக்கு ஏறும். எட்டினால் அதற்கு மேலே இன்னொரு கோடு.

அடுத்த வாடை வந்தபோது கோடு அவருடைய நெற்றிக்கு மேலே போயிருந்தது. எனக்கு அதுதான் பயம். சுகம் வந்தால் மனிசன் மருந்தை மறப்பான்.

கிழிந்த வலையைப் பொத்துவதற்காகக் கொட்டிலில் கூடினோம். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையை என்னிடம் தரும்போது, "தம்பி, போத்தில் திரும்ப அலுமாரிக்கு மேல ஏறீட்டுது" என்றார்.

நான் வலை ஊசியைக் கீழே வைத்தேன்.

"என்னடா?" என்றார் மண்டாடியார்.

"குளிசையைப் போடுங்கோ அண்ணை. பிறகு பொத்துவம்."

"என்னை வெருட்டுறியோ?"

"வெருட்டேல்லை. சும்மா இருக்கிறன்."

மற்றவர்களும் ஒவ்வொருவராய் ஊசியை வைத்தார்கள். "எங்களுக்கென்ன, மழைக்கு ஒதுங்கின மாதிரி" என்றான் ஒருவன். பங்குனிக்குள் பொத்தி முடிக்காவிட்டால் வலை கடலுக்குப் போகாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மண்டாடியார் எங்களை ஏசினார். செத்துப்போன எங்கள் தகப்பன்மாரையும் சேர்த்து ஏசினார். நாங்கள் அசையவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. கிழிந்த வலை நடுவில் கிடந்தது.

கடைசியில் மனைவியைப் பார்த்துக் கத்தினார். "கொண்டுவாவனப்பா அந்தக் கோதாரியை!"

விழுங்கினார். பிறகு எங்களுக்கு முன்னால் வாயை அகலத் திறந்தார். "பாருங்கோடா. நாக்குக்குக் கீழயும் பாருங்கோ."

ஒருவன் எட்டிப் பார்த்து, "குளிசை இல்லை அண்ணை. கடவாய்ப் பல்லையும் காணேல்லை" என்றான். முதலில் சிரித்தது மண்டாடியார்தான்.

அதுவே வழக்கமாகிவிட்டது. குளிசை உள்ளே போகாமல் ஊசி எழும்பாது. எங்களில் பிறசர் இருந்த வேறு இருவரும் சாரத்து மடியில் குளிசையை முடிந்துகொண்டு வந்தார்கள். குளிசை தீருகிறதற்கு முதலே கிளினிக்குக்குப் போகப் பழகினோம். மழையோ காற்றோ, ஒருவன் பஸ் ஏறினால் மற்றவனையும் இழுத்துக்கொண்டுதான் ஏறுவான். அந்த வாடை முழுக்க யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

பங்குனியில் கடல் அடங்கியது. முதல் வலை. தோணி வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் துவாயை நீட்டினேன். மண்டாடியார் அதை வலக்கையால் வாங்கினார். கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைக்கு மேலே நின்று வீசியது. தோணியிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது, பிறகு தோணி வெளியே வளைந்தது. கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் கத்தினோம். ஏன் கத்தினோம் என்று தெரியாது. வலையின் மடி கரைக்கு வந்தபோது பாரை துள்ளிய துள்ளலில் எங்கள் முகமெல்லாம் மணல். வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டில் ஒருவன் அன்றைக்கே புது அடி சேர்த்துவிட்டான். "மண்டாடி குளிசை போட்டாச்சோ?" என்று அவன் கேட்க, "போட்டாச்சு, ஏலோ!" என்று நாங்கள் இழுத்தோம். இன்றைக்கும் எங்கள் கரையில் அந்த அடி இருக்கிறது. பக்கத்து உப்புவெளிக்காரரும் அதைப் பாடுவதாகக் கேள்வி.

பிறகு எத்தனையோ வாடை வந்து போய்விட்டது. இன்னொருக்கா என்று மிஸி சொன்னது வரவே இல்லை. துவாய்தான் வெளிறிக் கிழிந்து, புதிது வாங்கிக் கட்டியிருக்கிறோம். இப்போது எனக்கும் பிறசர். அதைக் கேள்விப்பட்டபோது மண்டாடியார் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கூட்டுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்தான் முகத்தில் இருந்தது.

இன்று காலையும் தோணி வெளியே தயாராக நின்றது. எல்லோரும் கயிற்றோடு நின்றோம். மண்டாடியார் நடுக்கம்பிலிருந்து துவாயை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் வீசவில்லை. என் முன்னால் வந்து நின்றார்.

"வாயைத் திற."

திறந்தேன்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினேன். குனிந்து வடிவாகப் பார்த்தார். பிறகு கடலுக்குத் திரும்பினார். வலக்கை எழும்பியது.