தம்பிக்கு ராடாரில் வேலை

என் தம்பி ராணுவத்தில், வானத்தில் வருவதைத் தரையிலிருந்து சுட்டு வீழ்த்தும் ஏவுகணைப் பிரிவில் இருக்கிறான். ஏவுகணைக்குப் பக்கத்தில் நிற்பவன் இல்லை. அதற்கு வழிகாட்டும் ராடார் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன். இதைக் கேட்ட அன்றே அம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. பட்டுத்தறித் தெருவில் பிறந்தவளின் கணக்கு அப்படி. எங்கள் ஊரில் வேலை சொல்கிற முதலாளி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். தறிக்குழிக்குள் காலை விட்டு முதுகு ஒடிபவர்கள் நாங்கள்தான். "ராக்கெட்டுக்கே இவன்தான் வேலை சொல்றான். உக்காந்த எடத்து உத்தியோகம்" என்று தெருக்கோடி வரைக்கும் பெருமையடித்துவிட்டு வந்தாள். நானும் அதை அப்படியே நம்பினேன்.

லீவில் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே அவன் விளக்கினான். "சில ஏவுகணைக்கு மூக்குலயே கண்ணு இருக்குதுக்கா, அதுவே பாத்துக்கும். சிலது என்ஜின் சூட்ட மோந்துக்கினு போவும். எங்களுது அப்படி இல்ல. நாங்க கீழேர்ந்து டார்ச் அடிக்கிற மாதிரி எதிரி மேல ராடார் அலைய அடிச்சிக்கினே இருக்கணும். அதுமேல பட்டுத் திரும்பி வர்றத பாத்துத்தான் அது போவும். நடுவுல ஆஃப் பண்ணா, அவ்ளோதான், அதுக்குக் கண்ணு தெரியாது."

நான் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன். எனக்கு அன்றைக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான்.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. நாங்கள் கூப்பிடக் கூடாது, அவனே கூப்பிடுவான் என்பது உத்தரவு. போனைத் தறிமரத்தின் மேலேயே வைத்துக்கொண்டேன். அம்மா வலப்பக்கம் உட்கார்ந்து, ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கரைக்கு விட, நான் உடலுக்கு விட, இருவர் கையும் ஒன்றாகப் போனால்தான் கரையையும் உடலையும் தனித்தனியே நெய்து கோக்கிற கோர்வைச் சேலை நிற்கும். டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: ராடார் விடும் அலையை மோப்பம் பிடித்து, அது கிளம்பும் இடத்தின் மேலேயே போய் விழுகிற ட்ரோன்கள் இருக்கின்றனவாம். எதிரி முதலில் தேடுவது ராடாரைத்தானாம்.

தம்பி சொன்ன டார்ச் ஞாபகத்துக்கு வந்தது. இருட்டில் டார்ச் அடிப்பவன் எங்கே நிற்கிறான் என்று திருடனுக்கும்தானே தெரியும்? எழுந்து போய் டி.வி.யை நிறுத்தினேன்.

"ஏண்டி நிறுத்தின?"

"ஒரே கழுத்தறுப்பு."

அந்த அதிகாரி சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கரையும் உடலும் சேராமல் பல் இளித்தது. பிரித்தேன், மறுபடி நெய்தேன், மறுபடி பிரித்தேன். ஏனாத்தூர் கல்லூரிக்குப் போகிற பையன் எவனோ பைக்கின் சைலன்ஸரைப் படபடவென்று வெடிக்கவிட்டுப் போனான். வாசலுக்கு ஓடிப்போய் அவனை வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். "உனக்கு என்னமா ஆச்சு? அவன்தான் உள்ள பத்திரமா உக்காந்துக்கினு இருக்கானே" என்றாள் அம்மா. அவள் மேலும் எரிச்சல் வந்தது. இந்தத் தைரியம் எனக்கு இல்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

சண்டை நின்றுவிட்டதாகச் செய்தி வந்த மறுநாள் காலையில்தான் போன் வந்தது. அம்மா பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"ராடாரைத் தேடிக்கினு வருதாமே, அது உங்க பக்கம் வந்துச்சாடா?"

"வந்துதுக்கா."

"ஆஃப் பண்ணிட்டு ஓட வேண்டியதுதானே?"

"எங்க ஏவுகணை எங்க அலைய நம்பித்தான் அதும்மேல போய்க்கினு இருந்துது. எப்படிக்கா ஆஃப் பண்றது? ஓடணும்னுதான் தோணிச்சி. கை மட்டும் அதும்பாட்டுக்கு வேலை செஞ்சிது. அது கிட்ட வர்றதுக்குள்ள எங்க ஏவுகணை அதை அடிச்சிடுச்சி."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. "வேற வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுடா. அம்மா தாங்க மாட்டாங்க. நானும் தாங்க மாட்டேன்."

"என் சீட்டுல யாருக்கா உக்காருவா?"

"எவனாவது உக்காரட்டும். எவனுக்கு என்ன ஆனா எனக்கென்ன? நீ வந்து சேரு."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ஸ்பீக்கர்ல இருக்குதுக்கா. அடுத்த ஷிப்டுக்கு அங்க உக்கார்ற பையன் பக்கத்துலதான் நிக்கிறான். வந்தவாசிக்காரன். அவங்க அம்மாகிட்ட பேசணும்னு போனுக்குத்தான் காத்துக்கினு இருக்கான்."

ஈரத் தலையோடு அம்மா வந்து கையை நீட்டினாள். அவளிடம் போனைக் கொடுக்காமல், "அந்தப் பையன்கிட்ட குடுடா, முதல்ல அவன் அவங்க அம்மாகிட்ட பேசட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.