அப்பா ஏபி, மகள் ஓ

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அதே ஜன்னலோரம், அதே குட்டை ஸ்டூல். அவள் குத்தினால் வலிக்காது, பேசினால்தான் வலிக்கும் என்று வாடிக்கையாக வருகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கையை நீட்டுகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியையும் நீட்டுவார்கள்.

"ஏம்மா, எனக்கு இப்படி வழுக்கையாயிடுச்சே, பையனுக்கும் விழுமா?"

"விழலாம், விழாமலும் போகலாம். உங்க வீட்டம்மா பக்கமும் பாக்கணும். கைய இறுக்கி மூடுங்க."

"ரத்தம் அப்பா குடுக்கறது, சதை அம்மா குடுக்கறதுங்கறாங்களே?"

"அப்படிப் பங்கு பிரிக்க இது என்ன வீட்டு மனையா? எல்லாத்துலயும் ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. பஞ்சை அமுக்கிப் பிடிங்க."

ஏ குரூப்புக்கும் ஏ குரூப்புக்கும் எப்படி ஓ பிறந்தது என்று மாதத்துக்கு ஒருவராவது முகம் வெளிறி வந்து நிற்பார். அவர்களிடம் மட்டும் ஊசியக்கா குரலைத் தணித்துக்கொள்வாள். குரூப் என்பது சீட்டு மாதிரி, ஆளுக்கு ரெண்டு, பிள்ளைக்குக் கொடுப்பது ஒன்று. ஏ சீட்டுக்குப் பின்னால் ஓ சீட்டு ஒளிந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது. இரண்டு பேரும் ஒளித்துவைத்திருந்த சீட்டையே கொடுத்தால் பிள்ளை ஓ. அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவைப்பாள்.

அவள் வீட்டுக்கே அந்தக் கேள்வி வந்தபோது அதற்கு இந்தப் பதில் போதவில்லை.

மகளுக்கு எட்டு வயது. பள்ளி அடையாள அட்டைக்காக ரத்தம் பார்த்து ஓ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஊசியக்காவும் ஓ. லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுடைய கம்பெனி அட்டையில் மட்டும் ஏபி என்று இருந்தது. ஏபிக்காரரிடம் ஓ சீட்டே கிடையாது. ஒன்று ஏ, இன்னொன்று பி. ஒளித்துவைக்க இடமில்லை. அவருக்கு ஓ பிள்ளை பிறக்காது.

அவள் மகளைக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தானே பார்த்தாள். ஓதான். அன்று சாயங்காலமே புருஷனிடம் சொன்னாள்.

"உங்க கார்டுல தப்பா எழுதியிருக்கு. ஒரு நடை வாங்க, திரும்பப் பாத்துடலாம்."

அவன் வரவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் தன் அண்ணனிடம் போனான். அண்ணன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை உன்னுது இல்ல என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். திரும்பி வந்தவன் கதவருகிலேயே நின்றுகொண்டு பேசினான்.

"கார்டுல எழுதுனது யாரு? நீதானே. எங்க கம்பெனி கேம்ப்புல நீதானே குத்திப் பாத்த. உன் கைக்குத் தப்பே வராதுன்னு ஊரெல்லாம் சொல்லுதே."

"அன்னைக்கு வந்திருக்கும்."

"இப்ப மட்டும் தப்பு வந்திருக்குன்னு சொல்றது உனக்கு வசதியா இருக்கு. ஸ்லைடு உன் கையில, பேனாவும் உன் கையில. நான் வந்தா நீ வேணுங்கறத எழுதிக்குவ."

பதினோரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் சொன்ன வார்த்தை. ஊசியக்கா கத்தவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கழுவினாள், திரும்பக் கழுவினாள், மூன்றாம் முறையும் கழுவினாள்.

அதன்பின் அவன் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதை நிறுத்திவிட்டான். கேட்டால், லிஃப்ட் ரிப்பேர். மகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அம்மாகிட்டக் கேளு. மூன்று வாரம் இப்படி. ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே மகள் கேட்டாள்.

"அம்மா, நான் அப்பாவ என்ன பண்ணேன்?"

ஊசியக்கா அன்று காலையிலேயே அவன் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்றிருந்தவனைக் கீழே கூப்பிட்டாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூடத்துக்கு வரணும். உங்களை நான் தொடமாட்டேன். எங்க கூடத்துத் தாடிதான் குத்துவான், அவனே பாப்பான், அவனே எழுதுவான். வரலைன்னா நாளையிலிருந்து நம்ம பொண்ணு ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போட நீங்க தேவையில்லை."

வந்தான். தாடி என்பவன் அவளோடு வேலை பார்க்கிறவன். பேச்சு குறைவு, கை சுத்தம். ஸ்லைடில் இரண்டு சொட்டு ரத்தம் வைத்து, ஒன்றில் ஏ மருந்தும் மற்றதில் பி மருந்தும் விட்டுக் குச்சியால் கலக்கினான். ஏ பக்கம் சட்டென்று திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாய்ப் பிரிந்தது. பி பக்கம் வழவழவென்று சிவப்பாகவே கிடந்தது.

"ஏ," என்றான் தாடி. சோதனைக் குழாயில் ரத்தத்துக்கு மேலே தெளிந்து நின்ற நீரை எடுத்து வேறு விதமாகவும் பார்த்தான். "அதுலயும் ஏதான்."

புருஷன் வாயைத் திறப்பதற்குள் ஊசியக்கா சொன்னாள்: "ஸ்லைடை எடுக்காதே தாடி. அப்படியே இருக்கட்டும். மின்விசிறிய இப்படித் திருப்பு. நீங்க நகராம பி பக்கத்தையே பாருங்க."

மூவரும் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் போனது, நான்கு போனது. காற்றுப் பட்டு பி சொட்டின் ஓரம் காய்ந்தது. காய்ந்த ஓரத்தில் பொடிப்பொடியாய், கட்டியைப் போலவே, ஏதோ திரண்டது.

"இதத்தான் அன்னைக்குக் கேம்ப்புல பாத்தேன்," என்றாள். "ரெண்டு நிமிஷத்துக்குள்ள பாத்துடணும். அதுக்கு மேல பாத்தா காய்ஞ்சதும் கட்டி மாதிரியே தெரியும். நூத்தி எண்பது பேருக்குக் குத்தின நாள். நீங்க ஊசியப் பாத்து, இது லிஃப்ட் கயிறவிடத் தடிமனா இருக்கேன்னு ஏதோ சொன்னீங்க. நான் சிரிச்சிட்டிருந்தேன். ஸ்லைடு கிடந்து காய்ஞ்சிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

தாடி தலையைத் தாழ்த்திக்கொண்டான். பதினாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து இதை அவன் கேட்டதில்லை.

புருஷன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே. கார்டுல எழுதுனது நீதானேன்னு. கடைசியில தப்பு உன் மேலதான். சரி விடு, முடிஞ்சுபோச்சு."

ஊசியக்கா எழுந்து நின்றாள்.

"முடியல. காய்ஞ்ச ஸ்லைடைப் பாத்தது என் தப்பு. ஒத்துக்கிட்டேன், தாடி முன்னாலயே ஒத்துக்கிட்டேன். அட்டையில ரெண்டு எழுத்து, அதை நம்புனீங்க. பதினோரு வருஷமா கூட இருக்கேன், என்னை நம்பல. அது யாரு தப்பு? எட்டு வயசுப் பிள்ளைகிட்ட மூணு வாரம் மூஞ்சியத் திருப்புனீங்களே, அதையும் நானா எழுதிக் குடுத்தேன்?"

அவன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஸ்லைடின் மேலே நீட்டினான். "அண்ணனுக்கு ஒரு போட்டோ அனுப்பிடறேன். அவரும் தெரிஞ்சுக்கட்டும்."

அவள் ஸ்லைடை எடுத்துக் கிருமிநாசினி வாளிக்குள் போட்டாள். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்டது.

"போட்டோ கிடையாது. தாடி ரிப்போர்ட்டும் எழுதித் தரமாட்டான். கண்ணால பாத்தீங்க இல்ல, வாயால சொல்லுங்க. இங்கயே, இப்பவே. ஸ்பீக்கர்ல போடுங்க."

அவன் தாடியைப் பார்த்தான். தாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். போன் அடித்து, அண்ணன் எடுத்தார்.

"அண்ணே, குரூப் பாத்தாச்சு. ஏயாம். கார்டுல தப்பா ஆயிருச்சு."

"அப்படியா. சரி சரி, நல்லதாப் போச்சு. நான் சும்மாதான்டா சொன்னேன்."

"முழுசாச் சொல்லுங்க," என்றாள் ஊசியக்கா.

அவன் காது மடல் சிவந்தது. "அண்ணே, நானும் நீயும் அவளத் தப்பாப் பேசிட்டோம். பிள்ளையையும். பேசியிருக்கக் கூடாது."

அந்தப் பக்கம் அண்ணன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"நாலு மணிக்குப் பள்ளி விடும்," என்றாள் அவள். "நீங்க போங்க. மூணு வாரமா ஏன் வரலைன்னு அவ கேப்பா. லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லாதீங்க. நீங்க பண்ணது தப்புன்னு அவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவ மன்னிச்சா அது அவ இஷ்டம். நான் இன்னும் மன்னிக்கல."

அவன் போனான். அவளுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. வரிசையில் காத்திருந்தவரைத் தாடியிடம் போகச் சொல்லிவிட்டு, அது தணியும்வரை ஊசியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.