ஆறு பேரும் நல்லாயிருக்குன்னு சொன்ன மிளகுப் பை

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் என் கை முந்தானையைத் தேடும். ஆனால் புதிதாகப் பயிற்சி நடத்த வருகிற பிள்ளைகள், "அந்தப் பை விஷயத்தை எழுதித் தாங்க அக்கா" என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

மாத்தளை டவுனில், சுயதொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் நான் உதவியாளர். கதிரை போடுவது, எழுதுவதற்குச் சுவரில் பெரிய டிமை தாள் ஒட்டுவது, பிளேன்டீ ஊற்றுவது என் வேலை. இந்தப் பை விஷயம் நடந்த வருடம்தான் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முதன்முதலாகத் தமிழில் பட்டறை வைத்தோம். நான்கு சனிக்கிழமைகள். பாடம், டிசைன் திங்கிங். நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த இரேஷா மிஸ். அவருக்குச் சிங்களமும் இங்கிலீசும்தான் தெரியும். மொழிபெயர்க்க வரவேண்டியவர் காலை எட்டரைக்குப் போன் பண்ணி, காய்ச்சல் என்றார்.

மிஸ் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு டீக் கேத்தலோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"தேவகி, நீங்க சிங்களம் நல்லா பேசுவீங்கதானே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான் மிஸ்."

"அது போதும். வாங்க."

போதவில்லை. 'எம்பதி' என்ற முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். இருபத்திரண்டு பேர் என்னையே பார்த்தார்கள். மிஸ் இரண்டாம் தரம் விளக்கினார். எனக்கு விளங்கியதைச் சொன்னேன்: "என்னா செஞ்சு விக்கலாம்னு மொதல்ல யோசிக்காதீங்க. வாங்குற ஆளுக்கு எங்க வலிக்குதுன்னு போய்ப் பாருங்க."

பின்வரிசையில் ஒருவர், "அட, இதுக்கா இவ்வளவு இங்கிலீசு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதை ஓட்டினேன். அடுத்த சனிக்கிழமை மொழிபெயர்ப்பவர் வந்துவிட்டார், நான் கேத்தலுக்கே திரும்பினேன்.

2. பூப்போட்ட பை

வந்தவர்களில் செல்வராணி என்று ஒருவர். முப்பத்தொரு வயது, தையல் தெரிந்தவர். தேயிலைக் கொழுந்து குறைந்த நாட்களில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் வெளியிடங்களுக்கு மிளகு பறிக்கப் போவார்கள். ஏணியில் நின்றபடி தோளில் தொங்கும் பையில் போட வேண்டும். உடம்பு திரும்பினால் பை ஆடும், மிளகு கொட்டும், சில நேரம் ஏணியும் சரியும். செல்வராணி இடுப்பில் கட்டுகிற மாதிரி ஒரு பை தைக்க நினைத்தார்.

டீ கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "அக்கா, அடுத்த மாசம் குவைத்துக்குப் போக ஏஜென்ட்கிட்ட பேர் குடுத்திருக்கேன். சின்னவளுக்கு நாலு வயசுதான். இந்தப் பை ஓடுச்சுன்னா நான் போகல. ஓடலைன்னா போயிருவேன்."

கடைசிச் சனிக்கிழமை உக்குவளைப் பக்கம் மிளகுத் தோட்டங்கள் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் வருவதாக ஏற்பாடு. பிடித்தால் தன் ஆட்களுக்கெல்லாம் வாங்குவார். செல்வராணியின் நம்பிக்கை முழுவதும் அவர் மேல்தான்.

இரண்டாம் சனிக்கிழமை ஆறு பைகளோடு வந்தார். நல்ல நீலத் துணி, ஜிப், ஓரத்தில் மஞ்சள் பூ. இப்படிச் சோதித்துப் பார்க்கச் செய்கிற மாதிரிக்குப் பட்டறைப் பேச்சில் பெயர் புரோட்டோடைப். மிளகு பறிக்கிற ஆறு பெண்களுக்குக் கொடுத்து, ஒரு கிழமை பாவித்துவிட்டுப் போர்ம் நிரப்பித் தரச் சொன்னோம்.

மூன்றாம் சனிக்கிழமை ஆறு போர்மும் வந்தன. ஆறிலும் 'மிகவும் நல்லது'. குறைகள் என்ற கட்டம் ஆறிலும் வெறுமை. மிஸ் கை தட்டினார். செல்வராணி அழுதே விட்டார்.

எனக்கு மட்டும் என்னவோ இடித்தது. என் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "சாயம் பத்தல, இது என்னா கை கழுவின தண்ணியா?" என்று கேட்கிற பெண்கள் இவர்கள். பைக்கு ஒரு குறைகூடவா இல்லை? ஆனால் அதை எழுந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறை முடிந்ததும் அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு நடந்தேன்.

3. லயத்தில் பார்த்தது

முதல் வீடு, பை வாங்கிய ஆறு பேரில் ஒருவரான மாரியாயி அக்காவுடையது. சாமிப் படத்துக்குக் கீழே, சொப்பிங் பேக்கில் சுற்றி, ஆணியில் பை தொங்கியது.

"வேலைக்குக் கொண்டு போகலையாக்கா?"

"ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சா? இவ்வளவு சோக்கா தச்சிருக்கா, அதுல போயி மொளகு போடுறதா? கறை புடிச்சிரும். தேர் பாக்கப் போறப்ப கட்டிக்கிட்டுப் போவேன்."

"அப்ப போர்ம்ல நல்லதுன்னு போட்டீங்களே?"

"நல்லாத்தானே இருக்கு! அந்தப் புள்ள ஆசையா குடுத்துச்சு. வேற என்னா எழுதச் சொல்ற?"

ஆறு வீட்டிலும் இதே கதை. ஒரு வீட்டில் பிள்ளையின் ஸ்கூல் புத்தகம் அதற்குள் இருந்தது. இன்னொரு வீட்டில் கல்யாணச் சேலையோடு பெட்டிக்குள். எந்தப் பையிலும் ஒரு மணி மிளகு விழவில்லை.

செல்வராணியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "மிஸ்ஸே கை தட்டினாங்க. டீ ஊத்துற நீங்க யாருக்கா குறை சொல்ல?" என்று கதவைச் சாத்தினார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் பேசாமல் விட்டால் அந்தப் பெண் குவைத்துக்குப் போய்விடுவார். பஸ் ஹோல்ட்டில் நின்று மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அவரை நானாக அழைத்தது அதுதான் முதல் தடவை. முழுவதையும் கேட்டுவிட்டு, "நானும் போர்மை மட்டும்தான் பார்த்தேன், தேவகி" என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அசிங்கமா தைக்கணும் மிஸ்" என்றேன்.

4. மா பேக்

ஞாயிறு காலை, பேக்கரியில் கேட்டு வாங்கிய பழைய கோதுமை மா பேக்குகளோடு போனேன். அழுக்கானாலும் யாரும் கவலைப்படாத பை வேண்டும் என்று செல்வராணியிடம் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"மா மூட்டை ஏணி ஏறுற மாதிரி இருக்கும்க்கா" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெஷின் பக்கம் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை பைகளை வீட்டில் கொடுக்கவில்லை, மிளகுத் தோட்டத்திலேயே கொடுத்தோம். போர்மும் கொடுக்கவில்லை. நாங்கள் இருவரும் ஏணிக்குக் கீழே நின்றோம். அரை மணி நேரத்தில் மேலேயிருந்து ஏச்சு வரத் தொடங்கியது.

"வாய் சின்னதுடி, கை போக மாட்டேங்குது!"

"கயிறு இடுப்ப அறுக்குது. இது மொளகுக்கா, ஒன் புருசன கட்டிப் போடவா?"

"கீழ கொட்ட ஒவ்வொரு தரமும் இதைக் கழட்டணுமா? நல்லா தச்ச போ!"

செல்வராணி மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் எழுதி எழுதித் தன் கையிலேயே ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஏச்சுக்கும் அவர் முகம் தெளிந்தது. புதனன்று வாய்க்குக் கம்பி வளையம் வைத்தார். வியாழனன்று கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டி. வெள்ளியன்று அடிப்பக்கத்தைத் திறந்துவிட்டு, இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போட்டார்.

5. மரத்தடியில்

சனிக்கிழமை முதலாளி வந்தார். மேசையில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தார். "இது மா பேக்குல்ல? பூப்போட்ட பைன்னு சொன்னாங்களே."

செல்வராணி மிஸ்ஸின் பின்னால் ஒதுங்கினார். மிஸ் என்னைப் பார்த்தார். நான் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனேன். "மொதலாளி, பைய இங்க பாக்காதீங்க. மரத்துக்கிட்ட வாங்க" என்றேன். கை முந்தானையைத் தேடியது, ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது.

மண்டபத்துக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்கள் இருந்தன. மாரியாயி அக்கா பையைக் கட்டி ஏணியில் ஏறினார். இரண்டு கையாலும் பறித்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினார். பை ஆடவில்லை. நிறைந்ததும் இறங்கி, சாக்கின் வாய்க்கு நேராகப் பையைப் பிடித்து முடிச்சை இழுத்தார். மிளகு முழுவதும் ஒரே சரிவாகச் சாக்குக்குள் விழுந்தது.

முதலாளி கையை நீட்டினார். "கழட்டிக் குடு, பாப்போம்."

"தரமாட்டேன் மொதலாளி" என்றார் மாரியாயி அக்கா. "திங்கக்கிழமை வேலைக்கு எனக்கு வேணும். ஒங்களுக்கு வேணும்னா அவகிட்ட சொல்லித் தச்சு வாங்கிக்குங்க."

சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார்.

"சரிம்மா, அறுபது தை."

"மா பேக்குலயேவா மொதலாளி?" செல்வராணி முன்னால் வந்து கேட்டார்.

"மா பேக்குலயேதான். பூவு கீவு போட்டா திருப்பி அனுப்பிருவேன்."

மிஸ் என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த தமிழ்ப் பட்டறையை நான்தான் நடத்த வேண்டும் என்று அங்கேயே சொன்னார். அன்றிலிருந்து நடத்தி வருகிறேன்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். நம் ஆட்கள் 'நல்லாயிருக்கு' என்பது கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. அதைச் சாமானைப் பற்றிய பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுக்காக்க அவர்கள் பயப்படாத ஒன்றைக் கையில் கொடுங்கள். ஏசும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

மறுநாள் செல்வராணி ஏஜென்ட்டுக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு மாத்தளைக்குப் போய்ப் பேக்கரி பேக்கரியாக மா பேக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதினொன்றுதான் கிடைத்தன.